மை பூசிய பெயர்

பிப்ரவரி 2

அக்காவுக்கு, பதினொன்றாம் மேசையிலிருந்து.

உன்னிடமிருந்து கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. கம்பெனியில் ஓவர்டைம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இன்று காலை பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். இந்த ஆண்டு மூன்று மேசைகளுக்கு ஏழு ஆண்டு முடிகிறது. அதில் என்னுடையதும் ஒன்று. அழைப்பு நாள் மார்ச் இருபத்தெட்டு. அப்போதிருந்து எழுதியவை எல்லாம் கோணல்.

இந்த இல்லத்துக்கு வந்தபோது, அகராதி எழுதப் போகிறேன், ஏழு ஆண்டு வெளியே வர முடியாது என்று மட்டும்தான் உனக்கும் அப்பாவுக்கும் சொன்னேன். வெளியே வரும் முறை அன்று எனக்கே தெரியாது. இப்போது எழுதுகிறேன், கவனமாகப் படி.

வெளி வாசலில் ஒரு கருங்கல் இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் வாய்க்கு நேராகச் சுவரில் ஒரு பித்தளைக் குழாய், அதன் மறுமுனை உள்ளே கூடத்தில். நாங்கள் எல்லோரும் உள்ளே கூடத்தில் பேனாவைத் துடைத்து, மைக்கூட்டை மூடி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். யாருடைய முறையோ அவருக்குப் பக்கத்தில் ஒரு தட்டு வைப்பார்கள். தட்டில், அவர் உள்ளே வந்த அன்று கழற்றிக் கொடுத்த செருப்பு. வீட்டிலிருந்து ஒருவர் வந்து கல்லில் ஏறி, வீட்டில் அழைக்கும் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டும். சேர்ந்த அன்றே அந்தப் பெயரை ஒரு படிவத்தில் எழுதி வாங்கி, உறையில் போட்டு அரக்கு வைத்துவிட்டார்கள். சான்றிதழில் இருக்கும் பெயர் யாருக்கும் தெரியும். வீட்டுப் பெயர் தெரிந்தவர்தான் நிஜமான வீட்டார் என்பது இவர்கள் எண்ணம். கூப்பிட்ட பெயரும் உறைக்குள் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு, "வந்தேன்" என்று குழாயில் சொல்லிவிட்டு நடக்கலாம். இல்லாவிட்டால் தட்டைத் திரும்ப எடுத்துப் போய்விடுவார்கள். இன்னும் ஏழு ஆண்டு.

போன ஆண்டு நான்காம் மேசை அக்காவின் முறை. அவரை அழைக்கத் தெரிந்த அண்ணன் இறந்துபோயிருந்தார். அண்ணன் மகள் வந்தாள். மூன்று முறை கூப்பிட்டாள், நல்ல குரல். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் ஒன்றையும் பார்க்கவில்லை. தட்டு என் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் போகும் சத்தத்தை மட்டும் கேட்டேன். அவர் மைக்கூட்டைத் திறந்து விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தார். அது அவருடைய மூன்றாவது ஏழு.

அடுப்படிக் கதவைப் பூட்டுவதே இல்லை. யாரும் அது வழியாகப் போய்விடலாம். போனால் அவர் எழுதிய பக்கங்களை எல்லாம் எடுத்து எரித்துவிடுவார்கள். நீ எட்டாவதோடு நின்று என்னைப் படிக்க வைத்தாய். நான் அந்தக் கதவு வழியாக வீடு திரும்ப மாட்டேன்.

எனக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை. வருவாயா? ஒரே ஒரு வரி போதும்.

உன் தங்கை

&nbsp;

பிப்ரவரி 11

ஏய் சுண்டெலி,

ஓவர்டைமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எழுதல, அவ்வளவுதான். உன் கடிதத்தைப் பிரிச்சாலே டீச்சர் முன்னாடி நிக்கிற மாதிரி இருக்கு. நானும் பதிலுக்கு நல்லா எழுதணும்னு உக்காருவேன், ரெண்டு வரியில கை வலிக்கும், எந்திரிச்சிடுவேன். இனிமே பேசுற மாதிரியேதான் எழுதுவேன். பிழை பார்த்தே, தொலைச்சிடுவேன்.

லீவு கேட்டாச்சு. சூப்பர்வைசர் "எதுக்கும்மா?"ன்னான். "என் தங்கச்சியைக் கூப்பிடப் போகணும்"னேன். "போன்ல கூப்பிடேன்"ங்கிறான். அவனுக்கு எங்கேருந்து விளக்குறது?

கூப்பிடுறதெல்லாம் எனக்கு ஒரு வேலையாடி? நாப்பது மெஷின் ஓடுற சத்தத்துக்கு மேல "நூல்!"னு நான் ஒரு தடவை கத்தினா, கடைசி வரிசையில இருக்கிறவ திரும்பிப் பார்ப்பா. ஏழு வருஷத்துல எத்தனை காலர் தைச்சேன்னு தெரியாது, தொண்டை மட்டும் நல்லா ஏறியிருக்கு. நேத்து சாப்பாட்டு நேரத்துல ஒத்திகையே பார்த்தேன். ஸ்டூல் மேல ஏறி நின்னு "சுண்டெலி! சுண்டெலி! சுண்டெலி!" பட்டன் வைக்கிற பொண்ணு நிஜ எலின்னு நினைச்சு பெஞ்சு மேல ஏறிட்டா. இன்னைக்கு வரைக்கும் என்கூடப் பேசலை.

ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். அப்பா போனப்ப நீ எழுதின கடிதம் நாலு பக்கம். வர முடியாது, இல்லத்தோட விதின்னு எழுதியிருந்த. அது கூடப் பரவாயில்ல. நாலு பக்கத்துல ஒரு எழுத்துப் பிழை இல்ல. ஒரு அடித்தல் இல்ல. அதை நான் இன்னும் மறக்கலை. நீ வா, நேர்ல வச்சுக்கிறேன்.

அக்கா

கடிதம் பிரிச்சுப் படிக்கிற ஐயாவுக்கு: என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பொறுத்துக்கோங்க.

&nbsp;

பிப்ரவரி 19

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். இங்கே சிரிப்பு கூடத்தில் எதிரொலிக்கும், வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்திய கையை எடுக்கவே முடியவில்லை. நீ எதை ஒத்திகை பார்த்தாய் என்பது அப்போதுதான் உறைத்தது.

சுண்டெலி என்று கூப்பிடாதே. படிவத்தில் நான் அந்தப் பெயரை எழுதவில்லை. முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், வெட்கத்தில் விட்டுவிட்டேன்.

அன்று வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் ஒரு டாக்டரின் மகள். எழுத்தர் படிவத்தை வாங்கி ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துச் சரிபார்த்தார். தந்தையின் தொழில், மருத்துவர். வீட்டில் அழைக்கும் பெயர், நிலாக்குட்டி. சுற்றி நின்றவர்கள் அன்பாகச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடுத்தது நான். "பஸ் டிப்போ மெக்கானிக்" என்று அவர் உரக்கப் படித்தபோதே எனக்குக் காது சுட்டது. கடைசி வரியை நான் காலியாக விட்டிருந்தேன். "இது என்னம்மா, எழுது" என்று பேனாவைக் கொடுத்தார். சுண்டெலி என்று எழுதினால் அதையும் உரக்கப் படிப்பார். சிரிப்பார்கள், ஆனால் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருக்கும். எல்லோருடைய செருப்பும் பளபளப்பாக இருந்தது. என் காலில் உன் செருப்பு, வார் தைத்தது. சட்டென்று வேறொரு பெயரை எழுதிவிட்டேன். அவர் படித்தார். யாரும் சிரிக்கவில்லை. "நல்ல பெயர்" என்றார்.

அது எதற்கு என்று எனக்குத் தெரியாது, அக்கா. ஒரு படிவம், ஒரு வரி என்றுதான் நினைத்தேன். தெரியவந்தபோது அரக்கு காய்ந்துவிட்டது.

உள்ளே இருப்பவர் அந்தப் பெயரை வெளியே சொல்லக் கூடாது. எழுதினால் கடிதக்காரர் மை பூசிவிடுவார். தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒருவேளை அவருக்கு அன்று கண்வலியாக இருக்கலாம். நான் எழுதிக் கொடுத்த பெயர் ██████.

மன்னித்துவிடு. அல்லது திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் தங்கை

&nbsp;

பிப்ரவரி 27

அடியே,

கறுப்பு. கெட்டிக் கறுப்பு. டியூப் லைட்ல பிடிச்சுப் பார்த்தேன். பின்பக்கம் திருப்பித் தடவிப் பார்த்தேன். பிளேடால சுரண்டினேன், தாள்தான் கிழிஞ்சுது. ஐயா, உங்க கைக்கு நல்ல அழுத்தம்.

எவ பேருடி அது? இளவரசியா? கண்மணியா? செல்லக்கிளியா? அந்த டாக்டர் பொண்ணு பேரைப் பார்த்து அப்படியே காப்பி அடிச்சியா? பரீட்சையில அடிக்காதவ, இதுல போய் அடிச்சியா?

அந்தப் பேர்ல என்ன வெட்கம் உனக்கு? நீ எட்டு மாசத்துல பொறந்த. நர்சம்மா உதட்டைப் பிதுக்கிட்டுப் போயிட்டாங்க. அப்பா உன்னை உள்ளங்கையில வச்சுக்கிட்டு, "சுண்டெலி மாதிரி இருக்கா. பொழைச்சுக்குவா. எலிங்க லேசுல சாகாது"ன்னார். நான் பக்கத்துல நின்னு கேட்டேன். அதுதான் உன் பேரு. ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போகுது.

நேத்து ஷிப்டு முடிஞ்சு அந்த வாசலுக்கே வந்துட்டேன். உன் சுவருக்கு வெளிப்பக்கம் நின்னேன்டி. வாசல் அதிகாரி நல்ல மனுஷன், உக்காரச் சொன்னார். "ஒரு வேளை பேர் தப்பாயிட்டா இன்னொண்ணு சொல்லிப் பார்க்கலாமா?"ன்னு கேட்டேன். "ஒரே பேர்தான்ம்மா, மூணு தடவை"ன்னார். அந்தக் கல்லைப் பார்த்தேன். நடுவுல குழிஞ்சு போயிருக்கு. எத்தனை பேர் ஏறி நின்னாங்களோ.

ராத்திரி சாப்பாடு இறங்கலை. உன்னை அறையணும் போலவும் இருக்கு, பயமாவும் இருக்கு. ஒரே ஒரு கேள்வி கேக்குறேன், அதுக்காவது மை படாம பதில் சொல்லு. நான் உன்னை எப்பவாவது அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கேனா?

அக்கா

&nbsp;

மார்ச் 8

அக்கா,

இல்லை.

உன் வாய் அந்தப் பெயரை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. உன் காதுக்குத்தான் அது பழக்கம். சாயங்காலம் ஆறரை மணிக்குக் கேட்கும், கீழே தெருக் குழாயடியிலிருந்து. இந்த ஐந்து ஆண்டுகளாகக் கேட்டிருக்காது.

இதில் பெயர் எதுவும் இல்லை, ஐயா. தயவுசெய்து மை பூசாதீர்கள்.

அக்கா, நான் மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பா டிப்போவிலிருந்து வந்து, கைப்பிடியில் கிரீஸ் பட்டுவிடும் என்று படி ஏறாமல், இரண்டு கையையும் உடம்பில் படாமல் தூக்கிக்கொண்டு நிற்பார். அண்ணாந்து கூப்பிடுவார். நீ என்ன வேலையாக இருந்தாலும் போட்டது போட்டபடி, சோப்பையும் மக்கையும் எடுத்துக்கொண்டு படியில் தடதடவென்று ஓடுவாய். நீ தண்ணீர் ஊற்ற ஊற்ற அவர் ஏதோ சொல்வார். நீ சிரிப்பாய். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருநாள் நீ காய்ச்சலில் படுத்திருந்தபோது நான் சோப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். "நீ எதுக்கும்மா வந்த, போய்ப் படி" என்றார். திட்டவில்லை, பாசமாகத்தான் சொன்னார். நான் மேலே வந்து படித்தேன். அதன் பிறகும் படித்துக்கொண்டேதான் இருந்தேன்.

அந்த வரிசையில் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, உலகத்திலேயே அழகான பெயராக எனக்கு ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. அது என்னுடையது இல்லை.

இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் இருந்ததைவிட இது எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது. தெரியாவிட்டால் நீ தவறாகக் கூப்பிடுவாய், அவ்வளவுதான். தெரிந்தால் நீ வராமலே இருந்துவிடலாம். அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட இருந்த ஒருவரும் போய்விட்டார். அவர் போனபோது நான் வரவில்லை. அப்புறம் மிச்சம் இருந்ததையும் நான்தான் எடுத்து உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

பதில் எழுது.

தங்கை

&nbsp;

மார்ச் 17

அக்கா,

கடிதம் இல்லை.

தினமும் தபால் பை வந்ததும் கடிதக்காரர் மேசைக்குப் போய் நிற்கிறேன். ஏழு ஆண்டில் நான் யார் மேசைக்கும் போய் நின்றவள் இல்லை. இன்று அவர் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு ரப்பர் பேண்டு விழுந்தது. "உன் அக்கா எனக்கும் சேர்த்துத்தான் எழுதுவார். எனக்கும் ஒன்றும் வரவில்லை" என்றார். அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கூடத்தில் குழாயைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிறார்கள். குழாயின் வாய் என் மேசையைப் பார்த்த மாதிரியே இருக்கிறது. அதில் காது வைத்தால் வெளியே பஸ் போகும் சத்தம் கேட்கிறது. வெளியே போவதை நினைத்தாலும் பயம்தான். சாலையை எப்படிக் கடப்பது என்று யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. கடையில் ஒரு பொருள் கேட்க எந்தச் சொல்லில் தொடங்குவது? இருபதாயிரம் சொல்லுக்குப் பொருள் எழுதியிருக்கிறேன், அக்கா.

கோபம் என்றால் கோபம் என்று எழுது.

தங்கை

&nbsp;

மார்ச் 24

அக்கா

இதுதான் கடைசித் தபால் இனி அழைப்பு நாள் முடியும்வரை கடிதம் போகாது

இன்று என் செறுப்பை எடுத்து வந்து சரிதானா என்று காட்டினார்கள். உன் செறுப்பு. வாரில் நீ போட்ட தையல் அப்படியே இருக்கிறது, சட்டைக் காலரில் போடுவது போல ரெட்டைத் தையல். தொடக் கூடாது என்றார்கள். நான் தொடவில்லை. நான்காம் மேசை அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு யார் வர்றாங்க?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அக்கா வருவாள் என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்னேனா

பயமக இருக்கிறது

நீ வந்து சுண்டெலி என்று கூப்பிட்டாலும் சரி. தட்டு திரும்பிப் போகட்டும். உன் குரலை மூன்று முறை கேட்டதாவது மிச்சம். வந்து ஏதாவது ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடு

சுண்டெலி

&nbsp;

மார்ச் 28
(வாசல் அதிகாரி ஐயா, இதை என் தங்கச்சி வெளியே வந்ததும் கையில கொடுத்திடுங்க)

ஏய்,

எதிர்ல இருக்கிற டீக்கடையில உக்காந்து எழுதுறேன். பெரிய கதவு திறந்து உன்னை விட இன்னும் அரை மணி நேரம் ஆகுமாம். எழுத்து இன்னைக்குக் கோழி கிளறினதை விட மோசமா இருக்கும்.

பதில் போடாம இருந்தது வேணும்னேதான். எட்டாம் தேதி கடிதத்தைப் படிச்சிட்டு அப்படியே உக்காந்துட்டேன். என் படிப்பு, சரி. என் செருப்பு, சரி. கடைசியில அதையுமான்னு இருந்துச்சு. வர வேண்டாம்னு முடிவே பண்ணிட்டேன். லீவைக் கூட வேண்டாம்னு சொல்லிட்டேன். நீ பயப்படணும்னு நினைச்சேன். அப்பா போன அன்னைக்கு நான் தனியா நின்னு பயந்தேன் இல்ல, அந்த மாதிரி.

அப்புறம் உன் கடைசிக் கடிதம் வந்துச்சு. "செறுப்பு"ன்னு எழுதியிருக்க. அதுவும் ரெண்டு இடத்துல. "பயமக"ன்னு எழுதியிருக்க. பல இடத்துல முற்றுப்புள்ளியே இல்ல. அகராதி எழுதுறவளாம்! நான் சத்தமா சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே இருந்தவ எப்ப அழ ஆரம்பிச்சேன்னு தெரியல. அந்த நாலு பக்கம் இப்படி வந்திருந்தா நான் உன்கிட்ட கோபமே பட்டிருக்க மாட்டேன்டி. சூப்பர்வைசர்கிட்ட மறுபடி போய் லீவு கேட்டேன். "இன்னும் உன் தங்கச்சியைக் கூப்பிட்டு முடிக்கலையா?"ன்னான்.

கல்லு மேல ஏறிட்டேன். வாயைத் திறந்தா காத்துதான் வருது. நாப்பது மெஷினுக்கு மேல கத்துறவ! "அது குழாய்க்குள்ள போகலைம்மா, எண்ணிக்கையில சேர்க்கல"ன்னார் வாசல் அதிகாரி. தண்ணி குடிச்சிட்டு மறுபடி ஏறினேன்.

பவுனு.

என் வாயால அதை நான் சொன்னதே இல்ல. நம்ம பேரை நாமே எதுக்குச் சொல்லப் போறோம்? ரெண்டாவது தடவை கூப்பிட்டப்ப நானே திரும்பிப் பார்த்துட்டேன், கீழே அப்பா கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி. மூணாவது தடவைதான் உனக்குன்னு கூப்பிட்டேன். காதுல இருந்ததைக் கழட்டிக் கொடுத்த மாதிரி இருந்துச்சு.

அப்புறம் சத்தமே இல்ல. உள்ளே தட்டு எந்தப் பக்கம் போகுதோன்னு குழாய்லயே காதை வச்சுக்கிட்டு நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. அப்புறம் "வந்தேன்"னு கேட்டுச்சு. எலி கத்தின மாதிரி. ஏழு வருஷம் சத்தமா பேசாத தொண்டை, வேற எப்படி இருக்கும்?

நான் இங்க நிக்கல. நீ வெளிய வரும்போது உன் மூஞ்சியைப் பார்த்தா எல்லாத்தையும் விட்டுடுவேன், எனக்கே தெரியும். அதனால வீட்டுக்குப் போறேன். நீயா வா. ரோட்டைக் கடக்கும்போது முதல்ல ரெண்டு பக்கமும் பாரு, பெரியவங்க யாராவது கடந்தா அவங்க பின்னாடியே ஓடு. பஸ்ல "கடைசி ஸ்டாப்பு"ன்னு சொன்னா போதும்.

படி ஏறாதே. கதவைத் தட்டாதே. அப்பா நின்ன இடத்துல, குழாயடியில நில்லு. அண்ணாந்து பார்த்து என்னைக் கூப்பிடு. சத்தமா கூப்பிடணும். தெருவே திரும்பிப் பார்க்கும், எதிர்வீட்டுல எட்டிப் பார்ப்பாங்க, உனக்குக் காது சுடும். சுடட்டும். முதல் தடவை கூப்பிட்டா நான் வர மாட்டேன். ரெண்டாவதுக்கும் வர மாட்டேன். ஜன்னலுக்குப் பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன்.

சோப்பு எடுத்து வச்சிருக்கேன்.

கீழே பேர் போடலை. அது இப்ப உன்கிட்டதானே இருக்கு.